எளிய காமிராவும் ஏற்காட்டு வானமும்

வானநூல் ஆராய்ச்சி பெருஞ்செல்வம் உடையார்க்கே உரியது என்றும், மாணாக்கர் செய்யத்தக்கது நூல்களிற் கூறப்பட்டவற்றைப் படித்தறிதல் ஒன்றே என்றும் பலர் கருதுகின்றனர். யாமும் சின்னாள் முன்வரை அவ்வாறே கருதியிருந்தோம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்கும், பௌதிகம் பயிலும் எம் நண்பர் மூவர்க்கும் சென்ற தைத்திங்களில் ஏற்காட்டு மலையில் வாய்த்த இரண்டு இரவுகள் அக்கருத்தை மாற்றிவிட்டன. தொலைவிலுள்ளாரோடு கணினி வழியே முகம் பார்த்து உரையாடுதற்குப் பயன்படும் வெப் காமிரா ஒன்றனைச் சிறிது திருத்தித் தொலைநோக்கியிற் பொருத்தி, வியாழன் என்னும் கோளைப் படம் பிடித்தோம். அதனைச் செய்த முறையினையும், செய்தவிடத்து யாம் கற்ற பாடம் ஒன்றனையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

காமிராவின் வரலாறு

இக்கருவியின் பிறப்பு வானநூலோடு யாதொரு தொடர்பும் உடையதன்று. 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுக்கூடத்தார், காப்பிப் பாத்திரம் நிறைந்துளதோ வெறிதாய் உளதோ என்பதைத் தத்தம் அறையில் இருந்தவாறே அறிய விரும்பி, அப்பாத்திரத்தின் எதிரே ஒரு காமிராவை நிறுத்தினர். 1993-இல் அப்படம் இணையத்தில் உலகோர் அனைவர்க்கும் காட்டப்பட்டது. வெப் காமிராக்கள் பலவற்றிற்கும் முன்னோடி அதுவே. 1820-களில் சேலத்து ஆட்சியராய் இருந்த காக்பர்ன் துரை காலந்தொட்டுக் காப்பி விளையும் சேர்வராயன் மலையில், காப்பிக்காகப் பிறந்த கருவியின் வழித்தோன்றலை யாம் வானை நோக்கித் திருப்பினோம் என்பதை நினைக்குந்தோறும் நகை தோன்றும்.

காமிராவின் உயிர்நிலை அதனுள் இருக்கும் ஒளியுணரியாகும். அஃது ஒளிபட்டவிடத்து மின்னூட்டம் சேரும் நுண்ணிய கட்டங்கள் பல நிறைந்ததொரு சில்லு. இவ்வகைச் சில்லுகளுள் சி.சி.டி. எனப்படுவதை 1969-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் கண்டறிந்தனர். அதன்பொருட்டு 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். பெரிய வான்காண் நிலையங்கள் அதனை விரைவில் மேற்கொண்டன. எனினும் எளியோர்க்கு அஃது எட்டாக் கனியாகவே இருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப்சு நிறுவனத்தின் டூ-யூ-கேம் போன்ற சில வெப் காமிராக்கள் சி.சி.டி. சில்லுடன் மலிந்த விலைக்கு விற்பனைக்கு வந்தன. பொழுதுபோக்காக வானை நோக்குவோர் அவற்றின் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொலைநோக்கியையே வில்லையாகக் கொண்டனர். ஸ்டீவ் சேம்பர்சு என்பார் ஒருபடி மேற்சென்று, சில்லுக்குச் செல்லும் மின்னிணைப்புக்களையே மாற்றி, வினாடியின் சிறு கூறளவே ஒளியை வாங்கவல்ல காமிராவைப் பல வினாடிகள் தொடர்ந்து வாங்குமாறு செய்தார். மங்கிய விண்மீன் திரள்களைப் படம் பிடித்தற்கு அம்மாற்றம் வேண்டும். திங்களுக்கும் கோள்களுக்கும் வேண்டுவதில்லை. யாம் மேற்கொண்டது எளிய முறையேயாம்.

அலையும் காற்று

விலையுயர்ந்த ஒளிப்படக் காமிராக்கள் பல இருப்பவும் இச்சிறு கருவியை நாடுவானேன் என வினவலாம். தெளிந்த ஓடையின் அடியிற் கிடக்கும் கூழாங்கல்லை நோக்குக. நீர் அலையுங்கால் கல்லின் உருவம் நெளிகின்றது. ஒரு கணம் நீர் அமைதியுற்றால் கல் தெளிவாய்த் தோன்றிப் பின்னும் கலங்குகின்றது. காற்றாகிய கடலின் அடியில் வாழும் நமக்கு வானத்துப் பொருள்கள் அவ்வாறே தோன்றுகின்றன. விண்மீன்கள் கண்சிமிட்டுவதும் இதனாலேயாம். நெடுநேரம் ஒளியை வாங்கி எடுத்த ஒரே படத்தில் தெளிந்த கணமும் கலங்கிய கணமும் ஒன்றாய்க் கலந்து அனைத்தும் மங்கிவிடும்.

வெப் காமிராவோ வினாடிக்குப் பத்துப் படங்களுக்குக் குறையாமல் எடுக்கவல்லது. ஆயிரம் படங்கள் எடுப்பின், அவற்றுள் சில காற்று அமைதியுற்ற கணங்களில் எடுக்கப்பட்டனவாய் அமையும். அவ்வாறு அமைதற்கு வாய்ப்பு எத்துணை என்பதை 1978-இல் ஃப்ரீடு என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். நல்லனவற்றைத் தெரிந்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கால், கோளின் உருவம் எல்லாவற்றிலும் ஒன்றாய் இருத்தலின் உறுதிப்படுகின்றது. சில்லில் தோன்றும் புள்ளி இரைச்சலோ படத்துக்குப் படம் வேறாய் இருத்தலின் தேய்ந்தொழிகின்றது. நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். நானூறு அடுக்கினால் இருபதில் ஒன்றாகும். அடுக்கிய படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு இரைச்சல் குறையும் என்பது விதி. இதனைச் செய்தற்கெனக் கோர் பெரெவூட்ஸ் என்னும் நெதர்லாந்து நாட்டினர் இயற்றிய ரெஜிஸ்டாக்ஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது.

திருத்திய முறை

எம் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ஐந்நூறு ரூபாய்க்கும் குறைந்த புதிய காமிரா ஒன்றை வாங்கித் திருப்புளியால் திறந்தோம். அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் சிறு கண்ணாடி அதன் சில்லின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. அதனை அகற்றவேண்டும் என்று எங்கோ படித்த அரைகுறை அறிவால் பேனாக்கத்தியின் முனையைச் செலுத்தினோம். கண்ணாடி உடைந்தது, சில்லும் கீறுண்டது. திரையில் ஒரு கருங்கோடே எஞ்சியது. குற்றம் காமிராவினதன்று, எம் அவசரத்தினதே.

இதனைக் கேள்வியுற்ற எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், தம் மேசையறையில் பல்லாண்டுகள் உறங்கிக்கிடந்த டூ-யூ-கேம் புரோ ஒன்றை அன்புடன் அளித்தார். அதன் சில்லு அகலத்தில் 640, உயரத்தில் 480 கட்டங்கள் உடையது. கட்டம் ஒன்றன் அகலம் 5.6 மைக்ரான், அஃதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து கூற்றின்மேல் சிறிது. விண்டோசு இயங்கும் எம் புதிய மடிக்கணினி அக்கிழக்கருவியை அறியவில்லை. லினக்சு இயங்கும் மற்றொன்று அதனை உடனே அறிந்துகொண்டது.

இம்முறை பொறுமையைத் துணைக்கொண்டோம். செய்தவை நான்கே. முதலாவது, தூசியற்ற அறையில் காமிராவின் முன்னுள்ள சிறு வில்லையைத் திருகிக் கழற்றினோம். இரண்டாவது, சேலத்து ஒளிப்பட நிலையம் ஒன்றில் வேண்டிப் பெற்ற பழைய படச்சுருள் டப்பியின் அடியை அறுத்து நீக்கினோம். இதன் குறுக்களவு தொலைநோக்கியில் கண்வில்லை பொருந்தும் 31.7 மில்லிமீட்டர்க் குழாய்க்குச் சற்றே குறைந்தது. ஒரு சுற்று நாடா ஒட்டினால் இறுகப் பொருந்தும். மூன்றாவது, டப்பியின் நடுவும் சில்லின் நடுவும் நேர்படுமாறு வைத்து ஒட்டினோம். நான்காவது, காமிராவில் எரியும் சிறு விளக்கின்மேல் கருங்காகிதம் ஒட்டினோம்; இல்லையேல் அதன் ஒளியே படத்தைக் கெடுக்கும். வில்லையோடு அகச்சிவப்புத் தடுப்பும் நீங்கிவிடுதலின், வண்ணம் பிறழாதிருத்தற்குத் தனியே ஒரு வடிகட்டியைக் குழாயின் வாயில் திருகினோம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறுதல் எம் கடமை. தக்க வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயிற் பொருத்தாமல் ஞாயிற்றை நோக்கி அதனை ஒருபோதும் திருப்பலாகாது. காமிரா எரிந்துபோவது சிறிய இழப்பு. கண் போயின் மீளாது.

மலைமேல் இரண்டு இரவுகள்

சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகள் இருபதைக் கடந்து ஏற்காட்டை அடைந்தோம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வூர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை முகில்கள் திரளாத தை, மாசித் திங்கள்களே இம்மலையில் வானை நோக்குதற்கு ஏற்றவை. ஆயினும் முதல் இரவில் மாலைதொட்டே மூடுபனி காப்பித் தோட்டங்களின்மேல் தவழ்ந்து எம்மைச் சூழ்ந்தது. நள்ளிரவுவரை காத்திருந்து, ஆடியில் படிந்த பனிநீரைக் கண்டதன்றிப் பிறிதொன்றும் கண்டிலோம்.

இரண்டாம் இரவு வானம் தெளிந்தது. எம்மிடம் இருந்தது 150 மில்லிமீட்டர் ஆடியும் 1,200 மில்லிமீட்டர்க் குவியத்தூரமும் உடைய தொலைநோக்கி. அதனைத் தானே சுழற்றும் மோட்டார் இல்லை, கையால் தள்ளவேண்டும். முதலில் வளர்பிறைத் திங்களை நோக்கினோம். திங்களின் அகலம் வானில் ஏறத்தாழ 31 கலை. எம் காமிராவுக்குள் அடங்குவதோ அகலத்தில் 10 கலை, உயரத்தில் 8 கலைக்கும் குறைவு. எனவே திங்களைத் துண்டு துண்டாகவே எடுக்க இயன்றது. நிழலும் ஒளியும் சந்திக்கும் எல்லையில் பள்ளங்களின் விளிம்புகள் திரையில் ஒளிர்ந்தபோது, யாம் தங்கியிருந்த விடுதியின் காவலரும் சமையற்காரரும் வந்து நோக்கினர். "இது மெய்யாகவே இப்போது மேலே இருக்கும் நிலாத்தானா, தம்பி?" என்று காவலர் வினவினார். தொலைநோக்கியை ஒரு விரலால் தட்டிப் படம் ஆடுவதைக் காட்டினோம். அவர் வியந்து நெடுநேரம் நின்றார்.

பின்னர் உச்சிக்கு அணித்தாய் நின்ற வியாழனை நோக்கினோம். குவியத்தூரத்தை இரட்டிக்கும் பார்லோ வில்லையை இடையிற் பொருத்தவே, 45 விகலை அகலமுள்ள அக்கோள் சில்லின்மேல் 94 கட்ட அகலத்தில் விழுந்தது. நிலவுலகின் சுழற்சியால் வானம் வினாடிக்கு 15 விகலை நகர்தலின், கோள் எம் சட்டத்தின் ஒரு விளிம்பில் நுழைந்து இருபது வினாடிகளில் மறுவிளிம்பை அடைந்துவிடும். படம் ஒன்றுக்கு வினாடியில் 33-இல் ஒரு பங்கே ஒளியை வாங்கச் செய்தமையால் அந்நகர்ச்சி ஒரு கட்டத்திற்கு மிகவில்லை. ஒருவர் தொலைநோக்கியைத் தள்ள, ஒருவர் திரையை நோக்க, ஒருவர் நேரம் குறிக்க, யாம் டார்ச்சு விளக்கின்மேல் செந்தாள் சுற்றிப் பிடித்துக்கொண்டு குறிப்பெழுதினோம்.

நேரத்தை வேண்டியவாறு நீட்டித்தல் இயலாது. வியாழன் பத்து மணி நேரத்திற்குள் ஒருமுறை சுழல்வது. மூன்று நிமிடத்தில் அதன் நடுவிலுள்ள அடையாளம் ஏறத்தாழ 0.7 விகலை நகர்ந்துவிடும். எம் தொலைநோக்கி பிரித்துக் காட்டவல்ல எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆதலின் மூன்று நிமிடத்தில் ஆறுமுறை கோளைச் சட்டத்தின் வழியே ஓடவிட்டு 1,200 படங்கள் அளவில் எடுத்தோம். இருபது நிமிடம் கழித்து மீண்டும் அவ்வாறே இரண்டாந் தொடர் ஒன்று எடுத்தோம். அந்த இரண்டாந் தொடரே பின்னர் எம்மைக் காத்தது.

மெய்யும் பொய்யும்

கல்லூரிக்கு மீண்டபின், முதல் தொடரில் நல்லன 300 படங்களைத் தெரிந்து அடுக்கினோம். வியாழனின் குறுக்கே ஓடும் இரண்டு கருநிறப் பட்டைகள் தோன்றின. ஆயினும் படம் மென்மையாய், பால் தெளித்தாற்போல் இருந்தது. மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்கும் சறுக்குக்கட்டைகள் சில உள. நண்பர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக மேலேற்றினார். படம் உயிர்பெற்றது போலாயிற்று. பட்டைகளிடையே மாலைகள், வெண்புள்ளிகள் மூன்று, கரும்புள்ளிகள் இரண்டு, கோளின் விளிம்பைச் சுற்றி ஒளிவளையம் எனப் பலவும் தோன்றின. கல்லூரி நாள் கண்காட்சிக்கு அப்படத்தையே வைக்கவேண்டும் என்றார் அவர். பார்ப்பவர் யாவரும் வியப்பர் என்பதில் ஐயமில்லை. யாமும் முதலில் உடன்பட்டோம்.

எனினும் மற்றொரு நண்பர், "இவற்றுள் எவை வியாழனில் உள்ளவை, எவை நாம் இட்டவை?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு விடை கூற இயலாது நின்றோம். ஒளிவளையம் பொய் என்பது வெளிப்படை; கோளைச் சுற்றி அத்தகைய வளையம் கண்ணுக்குத் தோன்றியதில்லை. புள்ளிகளோ? எஞ்சிய இரைச்சலைக் கூர்மையாக்கினாலும் புள்ளிதான் பிறக்கும். உண்மை அடையாளத்தைக் கூர்மையாக்கினாலும் புள்ளிதான் பிறக்கும். இரண்டனையும் அந்த ஒரு படத்தைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை.

அப்போதுதான் இரண்டாந் தொடரை எடுத்து அதே முறையில் அடுக்கினோம். வெண்புள்ளிகள் மூன்றும் மறைந்தன. கரும்புள்ளிகளுள் ஒன்றும் மறைந்தது. மற்றொரு கரும்புள்ளி மட்டும் அங்கேயும் இருந்தது. ஆனால் முன் இருந்த இடத்தில் இல்லை. பதின்மூன்று கட்டங்கள் அளவில் மேற்கே நகர்ந்திருந்தது. வியாழனின் சுழற்சியால் நகர்ந்த அடையாளமாயின் இருபது நிமிடத்தில் பத்துக் கட்டங்கள் அளவே நகர்ந்திருக்கும். இது அதனினும் விரைந்தது.

வியாழனின் துணைக்கோள்களுள் ஐயோ என்பது கோளின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4,22,000 கிலோமீட்டர் தொலைவில், 1.77 நாளில் ஒருமுறை சுற்றிவருவது. அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். இருபது நிமிடத்தில் அது செல்லும் தொலைவு 20,000 கிலோமீட்டரின் மேல். வியாழனின் குறுக்களவோ ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். எனவே கோளின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு அளவு அதன் நிழல் நகர்தல்வேண்டும். 94 கட்டங்களில் ஏழில் ஒரு பங்கு பதின்மூன்று! யாம் கண்ட கரும்புள்ளி வியாழனின் முகில்கள்மேல் விழுந்த ஐயோவின் நிழல். அந்நேரத்தில் அங்கு நின்று மேல்நோக்குவார் ஒருவர் இருந்திருப்பின், அவர்க்கு அது முழுச் சூரிய கிரகணமாயிருக்கும்.

கண்காட்சியில் யாம் வைத்தவை கூர்மை குறைந்த இரண்டு சிறு படங்களே: இரண்டு பட்டைகள், ஒரு கரும்புள்ளி, அடுத்த படத்தில் அப்புள்ளி நகர்ந்த இடம். கீழே நேரமும் கணக்கும் எழுதினோம். பலர் ஒரு நொடி நோக்கிவிட்டு அப்பாற் சென்றனர். ஆயினும் எம் பேராசிரியர் ஒருவர் நெடுநேரம் நின்று, கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, எம்மை நோக்கித் தலையசைத்தார். மாலைகளும் வெண்புள்ளிகளும் நிறைந்த அந்த அழகிய படத்தை வைத்திருப்பின் அந்தத் தலையசைப்பை யாம் நாணமின்றிப் பெற்றிருத்தல் இயலாது.

நம் மலைகளும் நம் வானமும்

எளியோர் முயற்சி அறிவுலகிற்கும் பயன்படும் என்பதற்குச் சான்றுகள் பல. பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபூ நகரில் வாழும் கிறிஸ்டோபர் கோ என்னும் பொழுதுபோக்கு நோக்கர், வியாழனில் வெண்ணிறமாய் இருந்த ஒரு பெரும் புயல் செந்நிறமாகிவிட்டதை 2006-இல் முதன்முதல் கண்டறிந்தார். ஆஸ்திரேலிய நாட்டு அந்தோனி வெஸ்லி என்பார் 2009 ஜூலையில், ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதியதால் உண்டான கருவடுவைத் தம் தோட்டத்துத் தொலைநோக்கியால் கண்டார். 2010 ஜூன் 3-இல் மற்றொரு மோதலின் ஒளியை அவ்விருவரும் தத்தம் நாட்டிலிருந்து ஒரே நேரத்திற் பதிவு செய்தனர். இருவர் தனித்தனியே கண்டமையால் உலகம் ஐயமின்றி ஏற்றது. எம் இரண்டு தொடர்களுக்கும் அவர்தம் இரண்டு காமிராக்களுக்கும் நெறி ஒன்றே.

செபூ நகரம் நடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகையில் உளது. ஏற்காடு 12 பாகைக்குச் சிறிது குறைவு. கோள்கள் உச்சிக்கு அருகே உயருமிடத்து அவற்றின் ஒளி குறைந்த காற்றையே ஊடுருவி வருதலின் படம் தெளிவுறும். வடநாடுகளில் உள்ளார்க்குக் கிட்டாத இப்பேறு நமக்கு இயற்கையின் கொடை. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, சவ்வாது மலைக் காவலூரில், வேணு பாப்பு அவர்கள் 1960-களின் இறுதியில் வான்காண் நிலையம் நிறுவியது இவ்வியல்புகளையெல்லாம் ஆராய்ந்தே. அங்கு முதலில் இயங்கியதும் நம்மவர் செய்த 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியே. 1986-இல் அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர்ப் பெருந்தொலைநோக்கி இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. சிறியதில் தொடங்குதல் இழிவன்று என்பதை அம்மலையும் கூறும்.

இனி ஒரு வருத்தம். யாம் ஏற்காட்டில் நின்றவிடத்திலிருந்து தெற்கே நோக்க, சேலம் நகரின் ஒளி வானின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்திருந்தது. மலைமேலும் விடுதிகள் சில தம் விளக்குகளை வானை நோக்கியே எரியவிட்டிருந்தன. வியாழனும் திங்களும் பேரொளி உடையன ஆதலின் எம் பணிக்கு அதனால் ஊறு நேரவில்லை. ஆனால் மங்கிய விண்முகில்களை எடுக்க விரும்பி நாளை வரும் மாணாக்கர்க்கு இருள் வேண்டும். விளக்குகளின்மேல் ஒரு மூடி இட்டுத் தரையை நோக்கித் திருப்புதல் பெருஞ்செலவன்று. யாம் தங்கிய விடுதியின் காவலரிடம் கூறியபோது அவர் இரண்டு விளக்குகளை உடனே அணைத்தார்.

முடிவுரை

பழையதொரு காமிரா, ஒரு டப்பி, சிறிது பசை, பொறுமையுள்ள நண்பர் மூவர்: இவையே எம் செலவு. ஆயிரம் கலங்கிய படங்களுள் தெளிந்தவற்றைத் தெரியவும், தெரிந்தவற்றோடு எம் விருப்பத்தை ஒட்டாதிருக்கவும் அக்கருவி எமக்குக் கற்பித்தது. இலக்கியப் பாடத்திலும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி மெய்ப்பாடம் காணுமாறு எம் ஆசிரியர் கற்பித்து வருகின்றனர். ஒரே ஏட்டைக் கொண்டு அழகான பாடத்தைத் தாமே புனைவாரை அவர் பொறுப்பதில்லை. ஏட்டிற்குரிய அந்நெறி வானத்திற்கும் உரியது என்பதை இப்போது அறிந்தோம். மேசையறையில் காமிரா உறங்கிக்கிடக்கப் பெற்ற பழைய மாணவர் வேறு எவரேனும் இருப்பின், அதனை எமக்கு அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். அடுத்து வரும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் அது பயன்படும்.